ஒரு டஜன் துணிக் கிளிப்பு

ஜூன் 4

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் விவாகரத்து நோட்டீஸ் என்று பயந்துவிடாதீர்கள். என் குரல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் போனில் நாம் இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோமே, மறுநாள் காலை எழுந்தால் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் வீக்கமாம். ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாதாம். கிசுகிசுவென்று பேசலாமா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "அது இன்னும் மோசம்மா. கனவுலகூடப் பேசாதீங்க" என்றார். மனுஷன் சிரிக்கவே இல்லை.

அதனால் போன் பண்ணாதீர்கள். மெசேஜ் தட்டலாமே என்பீர்கள். நாம் மெசேஜில் பேசிய லட்சணம்தான் தெரியுமே. "ம்", "சரி", "பாக்கலாம்". பக்கத்து வீட்டுக்காரர்களே இதைவிட நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

நாடகம் தொடங்க இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. டைரக்டரம்மா என்னை இன்னும் நீக்கவில்லை. தையல்காரி வேஷம் எனக்குத்தானாம். கதாநாயகி, ஐயா, ஏழு பாட்டு! ஒத்திகையில் நான் ஆடுகிறேன், வாயசைக்கிறேன். மேடை ஓரத்தில் உட்கார்ந்து இரட்டைச்சடை என் பாட்டைப் பாடுகிறாள். எனக்கு முடியாமல் போனால் மேடையேற வேண்டிய மாற்று நடிகை அவள்தான். சின்னப் பெண், நல்ல குரல். என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் பர்ஸைத் திருடியவள் மாதிரி முழிக்கிறாள்.

பகல் வேலை? பேசாதவளைத் துணி விற்கச் சொல்ல முடியுமா? கடையில் என்னை ஷோகேஸுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே நின்று பொம்மைகளுக்கு உடை மாட்டுகிறேன். வெளியே ஊரே போகிறது, ஒரு சத்தம் கேட்காது. மீன் தொட்டி மாதிரி இருக்கிறது. மீன் நானா அவர்களா என்றுதான் தெரியவில்லை.

அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். வேறு ஏதாவது எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி
(தற்சமயம் விடுப்பில்)


ஜூன் 12

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இதெல்லாம் எழுத வராது. "நான்காம் மாடியில் கதவு உரசுகிறது, சரி செய்யப்பட்டது" என்று கம்பெனிக்கு எழுதுவதோடு சரி.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நான் உன்னைக் கத்த வைத்ததால்தான் குரல் போயிற்றா? மழுப்பாமல் சொல். இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு ஏதாவது எழுதச் சொன்னாய். போன வாரம் ஒரு கட்டிடத்தில் வயதான கணவனும் மனைவியும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். மேலே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். "அவசரமில்ல தம்பி. இவ தோக்கப் போறா, அதப் பாத்துட்டு ஏறிக்கிறோம்" என்றார் அவர். அந்தம்மா, "இவரு ஒரு சீட்ட ஒளிச்சு வெச்சிருக்காரு, மேலேருந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். வேலையை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். காரணம் ஒன்றும் இல்லை.

என் போனில் உன் பழைய குரல் செய்தி ஒன்று கிடக்கிறது. "வரும்போது துணிக் கிளிப்பு ஒரு டஜன் வாங்கிட்டு வாங்க. மறந்துடாதீங்க. மறந்துடுவீங்க, எனக்குத் தெரியும்." சாப்பிடும்போது போட்டுக் கேட்கிறேன். சும்மாதான்.

லிஃப்ட்காரன்


ஜூன் 20

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

சும்மாதானாம், சும்மா! அந்தக் கிளிப்பை நீங்கள் கடைசிவரை வாங்கவே இல்லை, தெரியுமா? அந்த வாரம் காற்றில் என் நீலச் சேலை பறந்து எங்கோ போயிற்று. இன்னும் எந்த மாடியில் குடித்தனம் நடத்துகிறதோ.

மழுப்பாமல் சொல்கிறேன். இல்லை, உங்கள் ஒரு சண்டையால் போகவில்லை. பல மாதமாக டிரம்முக்கு மேலே குரலெடுத்துப் பாடியதில் போனது என்கிறார் டாக்டர். சண்டை கடைசித் தள்ளு, அவ்வளவுதான். அதனால் வயிறாரச் சாப்பிடுங்கள்.

ஆனால் தொண்டையில் பட்டது வேறு, மனதில் பட்டது வேறு. அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "போதும் விளையாட்டு, வீட்டுக்கு வா." ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டு நாடகத்துக்காக இந்த ஊருக்கு வந்தேன், இது இரண்டாவது வருஷம், ஒத்துக்கொள்கிறேன். கோபப்படுங்கள், உரிமை இருக்கிறது. ஆனால் விளையாட்டு என்று சொல்லியிருக்க வேண்டாம். காலையில் கடை, பிற்பகல் ஒத்திகை, பஸ்ஸில் நின்றுகொண்டே தூக்கம். இப்படி எந்த ஊரில் விளையாடுகிறார்கள்?

சரி, ஆறிவிட்டேன். எழுதினால் கோபம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, கவனித்தீர்களா?

என்னோடு அறையில் இருக்கும் நர்ஸுக்கு ஒரே கொண்டாட்டம். "உன்கிட்ட பேசினா எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா? குறுக்க பேசவே மாட்டேங்கிற" என்கிறாள். தன் ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள். இப்போது பக்கத்து ஆஸ்பத்திரிக் கதை ஓடுகிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பை மிச்சப்படுத்த, ஆட்டம் முழுவதையும் விரலாலேயே ஆடிப் பார்ப்போம். இரண்டு விரல்தான் கால். ஷோகேஸில் ஒரு பொம்மையின் உள்ளங்கையில் என் விரல்களை ஆடவிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே தபால்காரர் ஒருவர் நிற்கிறார். அவரும் தன் பையின் மேல் இரண்டு விரலை வைத்து, இப்படி ஒரு எட்டு, அப்படி ஒரு எட்டு வைத்துக் காட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் போய்விட்டார். அன்று பூராவும் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அன்றைக்கு நிஜமாகவே என்ன சொல்ல வந்தீர்கள்? அதை எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூலை 3

வாயாடிக்கு,

விளையாட்டு என்று சொன்னது தப்பு. முழுத் தப்பு.

நீ கேட்டதை யோசித்தேன். அன்றைக்குக் கேட்க நினைத்தது, "நான் இல்லாம நல்லா இருக்கியா?" என்றுதான். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது. வாயில் வேறு ஏதோ வந்துவிட்டது. எனக்கும் அந்த டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கலாம்.

நேற்று லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை. அடியில் நின்று மேலே பார்த்தால் எல்லா மாடிக் கதவு இடுக்கிலும் ஒரு கோடு வெளிச்சம். நீ சமையலறையில் முணுமுணுப்பாயே, அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். குழிக்குள் என் குரலே கொஞ்சம் நன்றாக இருந்தது. மேலே வந்தால் ஐந்தாவது மாடி அம்மா, "ரேடியோவ ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

ஆறு வாரம் எப்போது முடிகிறது? முடிந்ததும் கூப்பிடு. நான் போனைக் கையில்தான் வைத்திருப்பேன்.

லிஃப்ட்காரன்


ஜூலை 27

அன்புள்ளவருக்கு,

இன்று கேலி வரவில்லை, மன்னியுங்கள்.

தையல்காரி வேஷம் போய்விட்டது. குரல் வந்தது, ஆனால் பழைய குரல் வரவில்லை. கொஞ்சம் தடித்து, கீழே இறங்கி வந்திருக்கிறது. மேலே போனால் வழியில் நின்றுவிடுகிறது. டைரக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளுக்கே குடுத்துடறேன்மா, எனக்கு வேற வழி தெரியல" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இரட்டைச்சடை என் தோளைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

எனக்கு இப்போது மூன்றாம் மாடி ஜன்னல்காரி வேஷம். மேடையில் ஒரு தெரு. அதில் பலகையால் கட்டிய ஒரு வீடு. நான் மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்து, துணி காயப்போட்டுக்கொண்டே நாலு வரி பாட வேண்டும். ஏழு பாட்டு எங்கே, நாலு வரி எங்கே! ஷோகேஸில் ஒரு பொம்மையின் கோட்டில் முகத்தைப் புதைத்து அழுதேன். வெளியே போனவர்கள் அதையும் விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பேச அனுமதி கிடைத்துப் பத்து நாளாகிறது.

நர்ஸிடம் பேசினேன். கடையில் பேசினேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் மணி என்ன என்று கேட்டேன். உங்களை மட்டும் கூப்பிடவில்லை. நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். போனில் நாம் இரண்டு பேரும் அந்தப் பழைய இரண்டு பேர். காகிதத்தில் வேறு யாரோ. லிஃப்ட் குழிக்குள் பாடுகிற மனுஷன் எனக்கு இந்தக் கடிதங்களில்தான் கிடைத்தான். வாயைத் திறந்தால் அவன் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள்
வாயாடி


ஜூலை 31

பத்து நாள்.

பஸ்ஸில் நீ மணி கேட்ட யாரோ ஒருவனுக்குக் கிடைத்த குரல் எனக்குக் கிடைக்கவில்லை. குளிக்கப் போனால்கூடப் போனைக் கூடவே கொண்டுபோனேன், தெரியுமா உனக்கு? பைத்தியக்காரன்.

இப்போதைக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மூன்றாம் மாடி என்கிறாயே, அது எதில் நிற்கிறது? ஆணியா போல்ட்டா? விசாரித்து வை.


ஆகஸ்ட் 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

போல்ட். மேடை ஆசாரியிடமே கேட்டேன். "யாரும்மா கேக்கச் சொன்னது?" என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். இரண்டு வருஷத்தில் இந்த ஊரில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் கோபப்பட்டது நியாயம். நான் செய்தது பெரிய தப்பு. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள், தாங்க முடியவில்லை.

ஜன்னல்காரி எனக்குப் பிடித்துப்போய்விட்டாள், அதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் வேண்டாவெறுப்பாக ஏறினேன். ஜன்னலைத் திறந்தால் கீழே தெரு முழுக்க நீல வெளிச்சம், பொய் மழை. அதில் எல்லாரும் குடை பிடித்து ஆடுகிறார்கள். எனக்கு மட்டும் மொத்தமும் தெரிகிறது. தையல்காரிக்குத் தன் தையல் மெஷின்தான் தெரியும். பாட்டும் என் புதுக் குரலுக்கென்றே எழுதியது மாதிரி கீழேயே நடக்கிறது. தெருவில் நடந்து போகிற யாரையோ பார்த்து ஜன்னல்காரி பாடுவாள்:

கீழே போறது யாரு?
தலையில தூறல் விழுதா?
கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க,
விட்டதும் போகலாம்.

அவ்வளவுதான். ஒரே கஷ்டம், பெரிய ஃபேன் வைத்துக் காற்று விடுகிறார்கள், கொடியில் ஒரு துணி நிற்பதில்லை. நேற்று ஒரு சட்டை பறந்து வயலின்காரர் தலையில் விழுந்தது. அவர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை.

சனிக்கிழமை 23ஆம் தேதி மதிய ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். என் குரலை நீங்கள் மறுபடி கேட்கும்போது அது சண்டையாக இருக்க வேண்டாம் என்று ஆசை. வராவிட்டால் புரிந்துகொள்வேன். புரிந்துகொள்வேனே தவிர, சந்தோஷமாக இருக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இல்லை. நீங்கள் இல்லாமல் நான் நன்றாக இல்லை. ஆனால் பாட்டு இல்லாமலும் இருக்க மாட்டேன். இரண்டும் உண்மை, என்ன செய்வது?

உங்கள்
வாயாடி


சனி, மாலை

வாயாடிக்கு,

எதிர்ச் சாரி காபிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் நாடக அரங்கின் பின்வாசல் காவலரிடம் கொடுத்தனுப்புவேன். "மூணாம் மாடி ஜன்னலம்மாவுக்கா?" என்று இப்போதே கேட்டு வைத்துக்கொண்டார். இந்தக் கட்டிடத்தில் உனக்குப் பேர் இருக்கிறது.

ஆட்டம் தொடங்கியதும் முதலில் போல்ட்டைத்தான் பார்த்தேன். பரவாயில்லை, உறுதியாகத்தான் இருக்கிறது. இரட்டைச்சடை நன்றாகப் பாடினாள். கைதட்டினேன், ஆனால் கண் மேலேயே இருந்தது. அப்புறம் ஜன்னல் திறந்தது.

அது நான் தினம் கேட்ட குரல் இல்லை. புதுக் குரல். முதலில் யாரோ என்று நினைத்தேன். நீ குனிந்து "கீழே போறது யாரு?" என்றாயே, நான் என்னை மறந்து "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்து சீட்டு அம்மா முறைத்தார். அழுதுகொண்டிருந்ததால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

வீட்டுக்கு வா என்று சொல்ல நான் வரவில்லை. நாலே வரிதான், ஆனால் அதைக் கேட்டுவிட்டு எந்த முட்டாள் அப்படிச் சொல்வான்? ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தேன். இந்த ஊரில் லிஃப்ட் இல்லாத கட்டிடமே இல்லை போலிருக்கிறது. வழியில் இரண்டு மூன்றில் ஏறியும் பார்த்தேன். ஒன்று நன்றாகவே உரசுகிறது. அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.

ஜன்னலோர மேஜை. உனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறேன். சண்டை வந்தால் வரட்டும், தொண்டையைப் பார்த்து மெதுவாகப் போடு. நானும் கத்த மாட்டேன்.

மூன்றாவது காட்சியில் ஒரு பாவாடை பறந்ததைப் பார்த்தேன். கவலைப்படாதே. வரும்போது ஒரு டஜன் கிளிப்பு வாங்கி வந்திருக்கிறேன்.

லிஃப்ட்காரன்