எங்க ஊருப் பொண்ணு

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் புகை. எதிர் பிளாக்கைக் காணவில்லை. ஒன்பது மணிக்கு அதன் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மட்டும் திரும்பி வந்தது. தொண்டையில் கம்பி.

பல்கலைக்கழகத் துறை அலுவலகம். எழுத்தர் என் கோப்பைப் புரட்டினார். வெளிநாட்டு மாணவர் பதிவு இம்மாதம் 30ஆம் தேதியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டும். முகவரி இன்னும் விடுதி என்றே இருக்கிறது. விடுதியை விட்டு மூன்று மாதம். இப்போதைய வீட்டுக்காரர் சி ஃபார்ம் போட்டாரா என்று கேட்டார். போடவில்லை. 'என் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் குடியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் அது. சாவ்லா எப்படிப் போடுவார்? நான் வெளிநாடு என்பதே அவருக்குத் தெரியாது.

தேவை:
1. சி ஃபார்ம்
2. வாடகை ஒப்பந்தம்
3. புகைப்படம், வெள்ளைப் பின்னணி, மூக்குக்கண்ணாடி இல்லாமல்
இல்லையென்றால் ஆய்வு பாதியில், நான் மன்னாரில்.

எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன். பிற்பாடு எனக்குச் சாதகமாக நினைவு வந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட். டெல்லி துவாரகாவில் பதினொரு வீடுகள். இலங்கை என்றதும் ஒருவர் கதவை மெதுவாக, மிக மரியாதையாக, மூடினார். ஒருவர் கேட்டார்: போலீஸ் வருமா? ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே, "ராவணன் ஊர்." பன்னிரண்டாவது வீடு ரெஜினா அக்கா காட்டியது. தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பழக்கம். தனியார் மருத்துவமனை நர்ஸ். தூத்துக்குடி. கணவர் விமான நிலையச் சரக்குப் பிரிவில். "எங்க பக்கத்து ஒத்த ரூம் காலியாத்தான் கிடக்குட்டி. அதும் எங்க ஓனரோடதுதான். நீ வாயத் தொறக்காம வா."

சாவ்லா அங்கிளிடம் என் கையைப் பிடித்து நிறுத்தி இந்தியில் ஒரே வாக்கியம். எங்க ஊருப் பொண்ணு. அவருக்கு ஞாயிறுதோறும் ரத்த அழுத்தம் பார்ப்பது ரெ. தான். சிஸ்டர் சொன்னால் போதும் என்றார். என் பல்கலைக்கழக அட்டையின் நகலை வாங்கிக்கொண்டார். அதில் நாடு போட்டிருக்காது.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். என் பங்கு அது.

நவம்பர் 13, வியாழன்

லிஃப்டில் சி பிளாக் பெரியவர், ஓய்வுபெற்ற அதிகாரி. டெல்லிக்காரர்களால் எனக்கு ஆபத்தில்லை. அவர்களுக்கு எல்லாம் மதராஸ். ஆபத்து தமிழர்களால்.

"எந்தப் பக்கம்மா?"
"தூத்துக்குடி."
"அட! தூத்துக்குடில எங்க?"

ரெ. மனப்பாடம் செய்வித்த தெருவைச் சொன்னேன். பனிமய மாதா கோயில் எத்தனை நிமிட நடை என்பதும் சொன்னேன். நான் போகாத ஊர். பெரியவருக்கு ஏக மகிழ்ச்சி. லிஃப்ட் நான்காம் மாடிக்கு வரப் பத்து நிமிடம் ஆனது போல.

ரெ. சொல்லிக்கொடுத்தவை: 'கதைக்க' கூடாது, பேச வேண்டும். அறைக்குள் ஊர்ப் பாட்டு சத்தமாக வேண்டாம். அம்மாவுடன் ஃபோனில் பேசும்போது ஜன்னலைச் சாத்து. "கேட்டா நம்ம ஆளு மாதிரி இருக்கணும், கேட்டியா."

அம்மா ஃபோனில், ஜன்னல் சாத்தியபின்: "அப்பிடி ஒரு மனிசி கிடைக்கிறதுக்கு நீ குடுத்து வச்சிருக்கோணும். அவவின்ர பேருக்குப் பூசை ஒப்புக்குடுத்திருக்கிறன்."

உண்மை. செப்டம்பரில் டெங்கு. ரெ. மூன்று நாள் லீவு போட்டு, என் ஜன்னல் கம்பியில் டிரிப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் படுத்தாள். வாந்தியைத் துடைத்தாள். என் அக்கா இருந்தால்கூட மூக்கைப் பிடித்திருப்பாள்.

அதனால்தான் அவளிடம் கோபப்பட முடிவதில்லை. அதனால்தான் கோபம்.

நவம்பர் 15, சனி

லிஃப்ட் கண்ணாடியில் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரியின் நோட்டீஸ். இந்தியும் ஆங்கிலமும். வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடுவதை இனி அனுமதிக்க வேண்டாம், ஏற்கனவே இருப்பவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும், குடியிருப்போர் கையெழுத்திட வருக. காரணம் எழுதவில்லை. பி பிளாக்கில் இரண்டு காங்கோ மாணவர்கள். அவர்கள்தான் காரணம்.

என்ன செய்தார்கள் என்று காவலாளியிடம் கேட்டேன். யோசித்தார். "ஒன்றும் செய்யவில்லை மேடம். இருக்கிறார்கள்."

நோட்டீஸுக்குப் பக்கத்தில் என் முகம். கண்ணாடியில். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பிஸ்கட் தீர்ந்தது. மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இருமல். மதியம் வரை தூக்கம்.

ரெ. மீன் குழம்போடு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, சாவகாசமாக:

"செக்ரட்டரி பேப்பரத் தூக்கிட்டு வந்தாரு. நீ தூங்கிட்டு இருந்தியா, எழுப்ப வேண்டாம்னு உனக்கும் நானே போட்டுட்டேன்."

"என்னத்த?"

"கையெழுத்துதான். ரெண்டு வீட்டுக்கும்."

புரிய நேரம் பிடித்தது. வெளிநாட்டவரை வெளியேற்றக் கோரும் தாளில் என் பெயர். ரெ. கையால்.

"ஏனக்கா போட்டனீங்கள்? நான் ஆர்? நான் ஆர் அக்கா?"

"ஏட்டி, மெள்ளப் பேசு. போடாத வீட்டு நம்பருக்கு நேரா அந்தாளு பென்சில்ல வட்டம் போடுதான், பாத்தேன். நாளைக்கு வந்து ஏன் போடலைன்னு நோண்டுவான். உன் மேல கண்ணு விழக்கூடாதுன்னுதான் போட்டேன்."

"அந்த ரெண்டு பெடியளும்?"

"அதுக நமக்கு யாரு?"

நமக்கு. அந்தச் சொல்லுக்குள் என்னை இழுத்து உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அன்பாகத்தான். குழம்பைச் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

ரெ.விடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். 30ஆம் தேதியைச் சொன்னேன். இரண்டு பேருமாகச் சாவ்லாவிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்றேன்.

"டிசம்பர் போகட்டும்ட்டி. எங்க அக்ரிமென்ட் புதுப்பிக்கணும். இப்பப் போய்ச் சொன்னா எங்களையும் சேத்துத் துரத்துவான். பிள்ளைகளுக்கு ஸ்கூல் வண்டி இங்கதான வருது."

"30க்குப் பிறகு நான் சட்டவிரோதம் அக்கா."

"யாரு வந்து பாக்கப் போறா? உன்னப் பாத்தா யாருக்குத் தெரியும்?"

அவளுக்கு இது ஆறுதல். எனக்குத் தண்டனை. இதை அவளுக்கு விளக்கும் தமிழ் என்னிடம் இல்லை, அவளுடையதிலும் என்னுடையதிலும்.

மாலை கேட்டருகே அந்தக் காங்கோ மாணவர்களில் ஒருவர். பால் பாக்கெட், கொத்தமல்லி. எனக்கு முகமன் சொன்னார். நான் ஃபோனைப் பார்த்தேன். ஃபோனில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, புதன்

நடந்ததை எழுதுகிறேன், வரிசையாக.

பதினொரு மணி. செக்ரட்டரி குப்தாவின் அறை, கீழ்த்தளம். ஹீட்டர். மேசையில் அந்தத் தாள். வாருங்கள் வாருங்கள் என்றார். டீ சொன்னார். என் பெயரை அடிக்க வேண்டும் என்றேன், என் உடைந்த இந்தியில்.

"ஏன் பேட்டா? அந்த ஆட்கள் மிரட்டினார்களா?"

"இல்லை. நானும் அந்த ஆட்கள்தான்."

பாஸ்போர்ட்டை வைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "ஆனால் பார்க்க நம்மைப் போலத்தானே இருக்கிறாய்." பிறகு, "உன்னைப் போன்றவர்களைச் சொல்லவில்லை, இது வேறு மாதிரி ஆட்களுக்கு." டீ வந்தது. குடிக்கவில்லை. என் பேனாவால் என் பெயரின் மேல் கோடு. தாளைக் கெடுக்காதே என்றார். இரண்டாவது கோடு.

சாவ்லாவுக்கு ஃபோன். குரங்குக் குல்லாவோடு வந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ரெ.வை அழைத்தார்கள். இரவுப் பணி முடிந்து தூங்கியவள், ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். மேசையில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் நின்றாள்.

சாவ்லா: "சிஸ்டர், உங்க ஊர் என்று சொன்னீர்களே?"

ரெ., இந்தியில்: "சார், எனக்குத் தெரியாது. சர்ச்சில் பார்த்த பெண். என்னிடமும் தூத்துக்குடி என்றுதான் சொன்னாள்."

அவளுடைய இந்தி நல்ல இந்தி. அதில் ஏட்டி இல்லை. அதில் நான் யாரோ ஒரு பெண்.

சாவ்லா என் பக்கம் திரும்பினார். "நிஜமா?"

யோசித்ததாக எழுத மாட்டேன். யோசிக்கவில்லை. டிரிப் பாட்டில் நினைவுக்கு வரவில்லை, அவள் பிள்ளைகளும் வரவில்லை. கோபம் மட்டும். அந்தக் கோபத்தோடேயே சொன்னேன்.

"ஆமாம். சிஸ்டருக்குத் தெரியாது."

நான் பேசியதிலேயே பிழையில்லாத இந்தி வாக்கியம். ரெ. மூச்சு விட்டது கேட்டது.

குப்தா சாவ்லாவிடம்: "பார்த்தீர்களா, இதற்குத்தான் தாள் கொண்டுவந்தேன்."

நவம்பர் 20, வியாழன்

சாவ்லா வீடு. மருமகள் மடிக்கணினியில் படிவம். தாமதத்துக்கு என்ன ஆகுமோ என்று அவருக்கு நடுக்கம், அதனால் காலை எட்டு மணிக்கே கூப்பிட்டுவிட்டார். பெயர். தந்தை பெயர். நாடு. மருமகள் பட்டியலில் இறங்கி இறங்கித் தேடினாள். ஸ்பெயினைத் தாண்டி நிறுத்தினாள்.

அடுத்து எங்கே போகிறீர்கள் என்றொரு கட்டம். எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். சாவ்லா அறை மூலையிலிருந்து: "டிசம்பர் 15க்குள் காலி செய்துவிட்டு எங்கேயாவது." மருமகள் டெல்லி என்று போட்டாள்.

ரசீது அச்சானது. என் பெயர், என் நாடு, என் கதவு எண், மூன்றும் ஒரே தாளில். முதல் தடவை. அதையும் டிசம்பர் 15 வரையான வாடகை ஒப்பந்தத்தையும் வைத்து நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாயிற்று.

கிளம்பும்போது சாவ்லா: "அந்த சிஸ்டர் பாவம். எவ்வளவு நல்ல மனம். அவளையே ஏமாற்றிவிட்டாய்."

தலையை ஆட்டினேன்.

அறை இருக்கும் செக்டார்கள்: 3, 7, 19. புரோக்கர்கள் நான்கு பேர். இலங்கை என்றதும் இருவர் துண்டித்தார்கள். ஒருவர் திரும்ப அழைப்பதாக. ஒருவர்: "இதையெல்லாம் முதலிலேயே சொல்வதா மேடம்?"

காங்கோ மாணவர்களின் வீட்டுக் கதவு வரை போனேன். மணி அடிக்கவில்லை. என்ன சொல்வது, என் பெயரை அடித்துவிட்டேன் என்றா? அப்படியானால் அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்பார்கள்.

நவம்பர் 22, சனி

புகை குறைவு. வெயில் என்று சொல்லும்படி ஒன்று. துணி துவைத்தேன்.

மூன்று நாளாக ரெ.வைத் தவிர்த்தேன். அவளும். பக்கத்துப் பக்கத்துக் கதவுகள், செருப்புச் சத்தம் அடங்கியபின் வெளியே வருவது. இன்று மாலை நாலு மணிக்குத் தட்டினாள். யூனிஃபார்மோடு.

"கோவமாட்டி?"

"இல்ல."

"பொய் சொல்லுத."

"உங்களிட்டப் பழகினது."

சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்டால் என்ன சொல்வதென்றுகூட வைத்திருந்தேன். கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு.

"ஏழாம் செக்டார்ல ஒரு வீடு. எங்க வார்டு டாக்டரோட அம்மா, தனியா இருக்காங்க. மாடில ரூம், தனிப் பாத்ரூம். எல்லாம் பேசிட்டேன். என் வீட்டுக்காரரோட அத்த மகள்னு சொல்லி வச்சிருக்கேன். ஜல்தி போய் சாவிய வாங்கு."

"என்னெண்டு சொல்லி வச்சிருக்கிறீங்கள்?"

"அத்த மக. இந்தத் தடவ ஊருப் பொண்ணுன்னு சொல்லல, சொந்தம்னே சொல்லிட்டேன். அப்ப எவனும் நோண்ட மாட்டான்லா."

அவள் முகத்தில் சூது இல்லை. தேடினேன். மூன்று நாள் அலைந்து, பணி முடிந்து நேராக வந்திருக்கிறாள். காலில் வீக்கம். புதன்கிழமை என்றொரு நாள் அவளுக்கு நடக்கவே இல்லை, அல்லது இதுதான் அவளுக்குத் தெரிந்த பரிகாரம்.

சீட்டிலிருந்த எண்ணுக்கு அவள் முன்னாலேயே அழைத்தேன். ஸ்பீக்கரில்.

"ஏட்டி, என்ன செய்யுத? வையி, வையி!"

ஆன்ட்டி, நான் சிஸ்டருக்குச் சொந்தம் இல்லை. இலங்கை. மாணவி. நீங்கள் எனக்கு சி ஃபார்ம் போட வேண்டியிருக்கும். நான்கு வாக்கியம், பெரும்பாலும் சரியான இந்தி.

மறுமுனையில் குக்கர் விசில். ஒன்று. இரண்டு.

"யோசித்துச் சொல்கிறேன் பேட்டா." துண்டித்தார்.

ரெ. என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"நான் சொன்ன மாதிரி சொல்லிருந்தா இந்நேரம் சாவி உன் கையில இருக்கும்."

இருந்திருக்கும்.