“வீட்டு மொழி: தமிழ்” என்று நான் எழுதியது

ரீச்சர்,

கல்வி அலுவலகத்திலிருந்து இந்த வருடப் படிவம் வந்திருக்கிறது. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, என்ன சமயம், வீட்டில் என்ன மொழி, என்ன குறைபாடு, தவணைக்குத் தவணை என்ன முன்னேற்றம். அதை நிரப்புவதற்காக இன்று காலை இரும்பு அலுமாரியைத் திறந்தபோது தர்ஷினியின் பழைய அனுமதித் தாள் கையில் அகப்பட்டது. “வீட்டு மொழி: தமிழ்” என்று நான் எழுதியிருந்ததை வெட்டி, மேலே பச்சை மையில் “சிங்களம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோணலாகச் சாயும் அதே எழுத்து. கதிரையை இழுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் இன்னும் வரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவதால் இந்த நேரத்தில் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் நான் மட்டும்தான். முன்பெல்லாம் எனக்கு முன்னரே வந்து ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பீர்கள்.

தர்ஷினியை அவளுடைய தகப்பன்தான் கூட்டிவந்தார். நல்ல தமிழில் பேசினார். அடுத்த மாதமே கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். தாய் வத்தளையில் கார்மெண்ட்ஸில் வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கம் வர முடிந்ததில்லை. பள்ளி வான் வண்டியில் வந்து அதிலேயே போகிற பிள்ளை. எங்கள் விசேட கல்வி வகுப்பில் பெரிய பிள்ளைகள் உங்களிடம், சின்னப் பிள்ளைகள் என்னிடம் என்று ஒரே அறையைத் தட்டியால் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் என் பக்கம். ஒவ்வொரு தவணையும் படங்களைப் பரப்பி, “பூனை எது? காட்டு” என்பேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “விளங்கிக்கொள்ளும் திறன்: இல்லை” என்று எழுதுவேன். மூன்று வருடம் அப்படியே எழுதினேன்.

பிறகு அந்த மழை நாள். கூட்டுகிற அம்மா வெளியிலிருந்து “தொர வஹன்ன!” என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். தர்ஷினி எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து நீங்கள் கவனித்தீர்கள். சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவளுக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் கட்டி, படங்களைப் பரப்பினீர்கள்.

“பூஸா கோ?”

அவளுடைய விரல் பூனையில் போய் நின்றது. நாய், மீன், குடை என்று நீங்கள் சிங்களத்தில் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தொட்டாள். கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“தாய் சிங்களம் போல. வீட்டில என்ன பாஷை எண்டு கேட்டனீங்களா?” என்றீர்கள்.

“தகப்பன் தமிழில கதைச்சவர். நான் கேக்கேல்லை, ரீச்சர்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளைச் சிங்களப் பிரிவுக்கு மாற்றினால் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை குறையும், இரண்டு ஆசிரியர் எதற்கு என்று கேட்பார்கள் என்றேன். இந்த வருடம் முடியட்டும் என்று கெஞ்சினேன். என் பிழை வெளியே வரக்கூடாது என்பதுதான் உள்ளே இருந்தது. உங்களுக்கும் அது விளங்கியிருக்கும்.

“இன்னொரு வருசம் அந்தப் பிள்ளையை விளங்காதவள் எண்டு எழுதப் போறீங்களோ?” என்று கேட்டீர்கள். கோபத்தில் உங்கள் குரல் எப்போதும் தணிந்துதான் வரும்.

அடுத்த நாள் அதிபரிடம் போனீர்கள். “எங்களுக்குப் பிழைச்சுப்போச்சு” என்றுதான் சொன்னீர்களாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அதுவும் குத்தியது. மூன்று கிழமை உங்களோடு பேசாமல் இருந்தேன். மத்தியானத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கேட்காமலே சம்பலை எடுக்கிற நீங்கள், அந்த நாட்களில் வெளியே விறாந்தையில் தனியே நின்று பாணைப் பிய்த்துச் சாப்பிட்டீர்கள்.

நான் பயந்ததே நடந்தது. வருடக் கடைசியில் ஓர் ஆசிரியர் இடம் வெட்டப்பட்டு, கூடக் காலம் இருந்தவர் என்று உங்களுக்கு வத்தளைக்கு மாற்றல் வந்தது. உங்களுக்குப் பதிலாக நான் போவேனா என்று அதிபர் ஒரு வார்த்தை கேட்டார். வாயைத் திறக்காமல் நின்றேன். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு, “பிள்ளையளைப் பாருங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

முதலில் கிழமைக்கு ஒருதரம் ஃபோன் எடுத்தீர்கள். நான் இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுவேன். வெட்கம்தான், கோபம் இல்லை. ஒருநாள் நேரில் வந்து மன்னிப்புக் கேட்போம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நீங்கள் போய்விட்டீர்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். செத்தவீட்டில் உங்கள் தங்கச்சி என் கையைப் பிடித்து, “அக்கா உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைப்பா” என்றார்.

தர்ஷினி இப்போது மற்றப் பக்கக் கட்டடத்தில், சிங்களப் பிரிவில் படிக்கிறாள். தன் பெயரை எழுதுகிறாள். இடைவேளையில் ஓடிவந்து ஏதேதோ சொல்வாள். பாதி எனக்குப் பிடிபடாது. அதற்காகவே சனிக்கிழமைகளில் சிங்களம் படிக்கப் போகிறேன். வகுப்பில் என்னைவிட மூத்தவர் யாரும் இல்லை.

போன மாதம் அவளுடைய தாய் லீவு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் நன்றி சொன்னார். மகளுக்கு விளங்கும் என்று கண்டுபிடித்த ரீச்சர் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டி அனுப்பியிருக்கலாம். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், பிழையாக எழுதியவள் நான், கண்டுபிடித்தவர் வேறொருவர், அவர் இப்போது இல்லை என்று சொன்னேன். முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அவர் கையை விடவில்லை. அந்த ரீச்சரின் பெயர் என்ன என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் ‘ரீச்சர்’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி உங்களை நான் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அவருக்குச் சரியாக வரவில்லை. இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிழையில்லாமல் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் விறாந்தையில் நின்று உங்கள் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம்.