சூடம் அணைத்த கை

உசிலம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் ரோகிணிக்கு,

அப்பா எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும், அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். புனேயில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நினைக்கிறேன். போன் அடித்தால் நீ எடுக்கமாட்டாய், உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுக்கமாட்டேன், ஆகவே கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வலது கையில் கட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு விரலில் பேனாவை இடுக்கி மூன்று நாளாக எழுதுகிறேன். கைக்கு என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன், பதறவேண்டாம், நீ பதறவும் மாட்டாய்.

உன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் குறைவில்லாமல் முடிந்தது. உன் மாமன் சங்கிலிதான் முன்னால் நின்று செய்தான். வந்தவர்கள் எல்லாம் வயிறார இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வாயார உன்னைத் திட்டினார்கள். எழவு வீட்டில் பெற்ற அப்பனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவள் என்று சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் உன் பெயர் நாறிக் கிடக்கிறது. நானும் கூட உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, அந்தத் தடை போட்ட மருந்தை இன்னமும் கோழிக்குக் கலக்குறீகளாப்பா, உண்மையச் சொல்லுங்க என்று கேட்டாய். சங்கிலி உடனே, படிச்ச பிள்ள சும்மா கேக்காது மச்சான், சூடத்த அணைச்சுச் சொல்லிப்புடுங்க என்றான். சொன்னேன். தட்டில் சூடத்தை ஏற்றி, கருப்பசாமி சத்தியமா தடை போட்ட அன்னைக்கே நிறுத்திட்டேன்டி என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். உன் அம்மாவின் தலைமாட்டில் வைத்துத்தான் அணைத்தேன். அதற்கப்புறம் ஊர் என் பக்கம் திரும்பிவிட்டது. வெளிய போடி நாயே என்று நான் கத்தினேன், வாய்க்கரிசிகூடப் போடவிடாமல் உன்னைத் தெருவில் இறக்கிவிட்டேன். நீ முக்கு திரும்பும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கூப்பிட வாய் வந்தது, கூப்பிடவில்லை.

அந்தச் சத்தியம் பொய். ஒருநாள்கூட நான் நிறுத்தவில்லை. தடை வந்த வருஷம் மருந்துக்கடை ராம்கி தன்னிடம் கிடந்த அந்தக் கோலிஸ்டின் என்கிற கிருமிக்கொல்லி டப்பா அத்தனையும் என் தலையில் கட்டினான், அது தீர்ந்த பிறகு அதே மருந்து லேபிள் இல்லாத டப்பாவில் எங்கிருந்தோ வந்தது. சீக்கு வந்த கோழிக்கு என்றாலாவது பரவாயில்லை. சீக்கு வந்துவிடக்கூடாதே என்றும், நாலு நாள் முந்தி எடை ஏறட்டுமே என்றும் நல்லாயிருக்கிற கோழிக்குத்தான் ஊற்றினோம். நம் வீட்டுக்கு மட்டும் பின்னால் பஞ்சாரத்தில் ஏழு நாட்டுக்கோழி, ஷெட்டுக் கோழியில் ஒரு துண்டு நம் சட்டியில் விழுந்ததில்லை. அதைத் திங்க நமக்கென்ன கிறுக்கா, மதுரைக்காரன் திங்கட்டும் என்று நான் சொல்லிச் சிரித்தபோது நீ சாப்பாட்டில் கைகழுவி எழுந்தாய், உனக்கு நினைவிருக்கும்.

நான் பெரிய புத்திசாலி என்றுதான் இருந்தேன். ஆபத்து வாய் வழியாக மட்டும்தான் வரும் என்று நினைத்தேன், கையை நினைக்கவில்லை. தினமும் விடிந்ததும் கோழிக்கான தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலக்கியது யார்? உன் அம்மா. வளையலை மேலே ஏற்றிவிட்டு, ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி உத்தேசமாக அள்ளிப்போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவுவாள். அதே கையால் கோழி எருவைக் கூட்டி அள்ளுவாள், முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உலை வைப்பாள். அளவுக் கரண்டி டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. எங் கை அறியாத அளவா என்பாள்.

நீர்க்கடுப்பு என்றுதான் ஆரம்பித்தது. மோரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். கோழி ஏற்ற வண்டி வருகிற வாரம், வண்டி வர்ற நேரம் பாத்துத்தான் உனக்கு நோவு வருமா என்று நான் கேட்டேன். அது நான் அவளிடம் நல்ல நினைவோடு பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று. மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. உன் வயசுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு, ஒரு காகிதத்தைக் காட்டி, இம்புட்டு மருந்து போட்டுப் பாத்தோம், எதுக்கும் இந்தக் கிருமி மசியலங்கய்யா, கடைசிக்குன்னு ஒரு பழைய மருந்து வச்சிருக்கோம், அதையும் போட்டுப் பாக்குறோம் என்றாள். என்ன மருந்தும்மா என்றேன். சொன்னாள். நம் ஷெட்டில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் அடுக்கியிருக்கிற அதே மருந்து. நாலு நாள் போட்டார்கள். அதுக்கும் மசியலய்யா என்றாள். கோழிப்பண்ணையில இருந்து வந்திருக்குமா என்று கேட்டேன், எங்க இருந்து வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்கய்யா என்றாள். அவளால் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும், அந்த மருந்தைத் தின்றே பழகி அதற்கு மசியாமல் போன கிருமி நம் ஷெட்டில்தான் வளர்ந்தது.

இப்போது உன் பங்கைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மூன்று தீபாவளிக்கு முன்னால் நீ என்மேல் புகார் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாய். உங்கப்பன் வயித்துல அடிச்சிறாத தாயி என்று உன் அம்மா உன் காலில் விழுந்தாள். பெற்றவள் காலில் விழுந்தால் எவளுக்கும் மனசு இளகும், நீயும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். இறைச்சியைச் சோதித்துத்தானே உனக்குச் சம்பளம்? ஊரான் கறியில் மருந்து இருந்தால் பிடித்துக் கொடுக்கிறவள் அப்பன் பண்ணையைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டாய். அன்றைக்கு அதை அனுப்பியிருந்தால் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்திருக்கும், நான் உன்னைச் செத்தாலும் மன்னித்திருக்கமாட்டேன், ஆனால் உன் அம்மா இன்றைக்கு உட்கார்ந்து உனக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டிருப்பாள். பாசம் பார்த்தாயே, என்ன கிடைத்தது? இதை எழுதக்கூடாது என்று இரண்டு நாள் பேனாவைக் கீழே வைத்தேன். எழுதிவிட்டேன், கோடுபோட்டு அடிக்கப்போவதில்லை.

கை விஷயம். சூடம் சுட்ட இடம் கொப்புளமாகி உடைந்து ஆறாமல் கிடந்தது. காரியம் முடிந்த மறுவாரம் ஐயாயிரம் குஞ்சு வந்து இறங்கியது. மூன்றாம் நாள் நாலு குஞ்சு தும்மியது. அம்மா இல்லை, நானே டப்பாவைத் திறந்து அந்தப் புண்கையைத் தொட்டிக்குள் விட்டேன். ஆமாம் ரோகிணி, எல்லாம் தெரிந்த பிறகுதான் விட்டேன். அதற்கப்புறமும் தினமும் விட்டேன். இப்போது மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, சீழ் நிற்கவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவன் கையைக் கருப்பன் கேட்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் சொல்வார்கள். கருப்பனுக்கு வேறு வேலை இல்லையா, இது கோழிப்பீ. நாளைக்கு மதுரைக்குப் போய்க் காட்டுகிறேன், அந்த டாக்டர் பிள்ளை காகிதத்தில் என்ன எழுதப்போகிறது என்று பார்ப்போம்.

நானாக நிறுத்தமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். கோழி தும்மினால் கை டப்பாவுக்குத்தான் போகிறது. கட்டினவள் செத்தும் புத்தி வராதவனுக்குச் சாமி வந்து சொன்னாலும் புத்தி வராது, அதிகாரி வந்து பூட்டினால்தான் உண்டு. அந்தப் பழைய புகாரை எடு. நீ எதையும் கிழிக்கிறவள் இல்லை, எங்கேயாவது மடித்து வைத்திருப்பாய். தேதியை மாற்றி அனுப்பு. இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பு, கையெழுத்து என்னுடையதுதான் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். டப்பா இருபத்தாறு, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் இரண்டு வரிசை.

உடம்பைப் பார்த்துக்கொள், நீர்க்கடுப்பு வந்தால் மோரைக் குடித்துக்கொண்டு இருக்காதே. உன் வயிற்றில் ஒன்று தங்கினால் ஜெயக்கொடி என்று அம்மா பெயரை வை. நல்லா இரு தாயி, எனக்கு அதைச் சொல்லத் தகுதி இல்லை என்றாலும் சொல்கிறேன்.

மறந்துவிடாதே, வருகிற அதிகாரிகள் முன்கூட்டிப் போன் பண்ணிவிட்டு வரவேண்டாம் என்று கண்டித்துச் சொல். தகவல் தெரிந்தால் நான் டப்பாவை ஒளித்துவிடுவேன். கேட்டால் சூடமும் அணைப்பேன், இடது கை நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பன்,
சோ. கருத்தக்கண்ணன்.
(இந்தப் பெயரில் ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள், புகாரில் இனிஷியலை விட்டுவிடாதே.)