மிஷினுக்கு விழுந்த திட்டு

இன்று காலை என் மகன் வெள்ளைப் பலகையைத் துடைத்து மறுபடி எழுதத் தொடங்கினான். அந்தப் பேனாவின் நெடி மில் முழுக்கப் பரவிவிட்டது. மல்லாட்டைத் தூசியைத் தவிர வேறு வாசனை அறியாத இடம் இது. கூட்டேரிப்பட்டில் நாம் இருவரும் கூட்டாளிகளாகப் பங்கு போட்டு வாங்கிய வேர்க்கடலை உடைக்கும் மிஷினுக்கு எதிரிலேயே அந்தப் பலகையை மாட்டியிருக்கிறான். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கோச்சை வரவழைத்தான். ஆட்களுக்கு ஊக்கம் கொடுப்பாராம், எனக்குத் தலைமைப் பண்பு கற்றுத் தருவாராம். எழுபது வயதில். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நீ இல்லாததால்தான் அவர் வர வேண்டியதாயிற்று என்பது வேறு விஷயம்.

காரணம் அஞ்சலை. பருப்பில் கல் பொறுக்கும் பெண்களுக்கு அவள் வைத்ததுதான் சட்டம், உனக்குத் தெரியும். வேன் அனுப்பி ஆட்களை ஏற்றிப்போகும் திண்டிவனம் பக்கத்துச் செருப்புக் கம்பெனிக்கு அவள் பெயர் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் மகன் பயந்துபோனான். அவள் போனால் மற்றவர்களும் போவார்கள்.

கோச் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். "மனசுல இருக்கிறத ஓப்பனா சொல்லுங்கம்மா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"ஒரு கொறையும் இல்ல சார். டீ கூட நல்லாத்தான் கீது" என்றாள் அஞ்சலை. வேலைக்குத் திரும்பியதும் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். "ஏ மிஷினே, கல்ல துப்பினது நீ. லாரிக்காரன் எதிர்ல பேச்சு வாங்கினது நானு. தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் பல்லு கொட்டிப்பூடுமா?"

கோச் அதைக் கவனமாகக் கேட்டுப் பலகையில் எழுதினார்: மிஷின் கல் துப்புகிறது. மறுநாள் விழுப்புரத்திலிருந்து ஃபிட்டர் வந்தார். அரை நாள் கழற்றி மாட்டிவிட்டு, "இதுல ஒன்னும் இல்லியே, யாரு உங்களுக்குச் சொன்னது?" என்றார்.

அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிய மூன்றாம் மாதம், எண்ணெய் மில்லுக்குப் போன லோடு கல் இருக்கிறதென்று திரும்பி வந்தது. லாரிக்காரர்கள் முன்னால் அஞ்சலையை வாய்க்கு வந்தபடி கத்தித் திட்டினேன். அந்த மூட்டைகள் அவள் கைக்கே வராதவை. அவசரத்துக்கு மிஷினிலிருந்து நேராகக் கட்டச் சொன்னவன் நானேதான். மாலையில் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

நீ இருந்தால் சொல்ல வைத்திருப்பாய். ஒரு கோடையில் அவள் முறத்தைத் தட்டித் தட்டி, "இன்னா முறமே, மண்ட காயுதா? யாருகிட்ட போய்ச் சொல்லுவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி என்றேன் நான். நீ என்னிடம் வந்து, "யோவ், முறத்துக்கு நெழல் வேணுமாம். ஜல்தியா தகரம் வாங்கிக்கினு வா" என்றாய். முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வந்தேன். இந்தப் பெண்கள் முதலாளியிடம் நேராகக் கேட்க மாட்டார்கள், ஜாடையில்தான் கேட்பார்கள். அது உனக்குப் புரிந்தது. நான் யாரிடமும் படிக்காமல், மிஷினைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவன். ஆட்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையை உன்னிடம் விட்டிருந்தேன். அதைச் சொல்லித் தராமல் போய்விட்டாய். அதில் எனக்கு உன்மேல் கோபம்தான்.

ஃபிட்டர் போன பிறகு மிஷின் அருகே போய் நின்றேன். அஞ்சலை குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மிஷினைப் பார்த்துச் சொன்னேன்: "நேரா கட்டச் சொன்னது நானுதான். அன்னிக்குக் கத்துனது தப்பு."

அவள் நிமிரவில்லை. கையிலிருந்த முறத்திடம், "மிஷினுக்கு இப்பத்தான் வாய் வந்துக்குது. வேனுக்குப் பேரு குடுத்தப்புறம்" என்றாள்.

திங்கட்கிழமை போய்விட்டாள். கூடவே நான்கு பேர். மற்றவர்கள் போகாமல் இருந்ததே பயிற்சியின் வெற்றி என்று கோச் மகனிடம் சொன்னாராம். அடுத்த வகுப்புக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான் அந்த வட்டத்தில் உட்காருவதாக இல்லை.

கஞ்சி வேளையில் மட்டும் பெண்கள் பக்கமாக, நீ உட்காரும் சாக்கின்மேல் போய் உட்காருகிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான். நேற்று அவர்களில் ஒருத்தி, கன்னியம்மா, துடைப்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், "இன்னா கொறன்னு சொல்லு" என்று கேட்டேன்.

துடைப்பத்தைத்தான் கேட்டேன்.