இடமில்லாமற் போன வசனம்

மே 6, செவ்வாய்

மூலிகை மருந்துக் கொம்பனியின் ஆய்வுகூடத்தில், வேர்களில் ஈயம் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பதுதான் என் வேலை. இன்று அதை நிறுத்திவிட்டு விளம்பரம் எழுதச் சொன்னார் ஜெயரட்ணம். எங்கள் மனேஜர், கொம்பனி இருக்கிற ஈஸ்ட் டாமாக்கி முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பு. டான்ஷென் என்ற சீன வேரின் கசாயத்துக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வேண்டுமாம். "தேங்கின ரத்தத்தை அசைக்கும் எண்டு சீனர் சொல்லுறதை ஆர் நம்புவினம்? நுண்குழாய்ச் சுற்றோட்டம் எண்டு எழுதுங்கோ. கிராஃப் ஒண்டும் போடுங்கோ."

இருப்பது எலியில் செய்த ஆய்வின் கிராஃப். எலிக்கா விற்கப் போகிறார்?

மே 9, வெள்ளி

கசாயக் கலவையைக் கொடுத்த சீன வைத்தியர் லின்னோடு பேசினேன். அவளுக்கும் எரிச்சல். நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் அவள் இதைக் கொடுப்பாளாம். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவருக்குக் கொடுக்கவே மாட்டாளாம். அப்படியானால் ஏன் கொம்பனிக்கு விற்றாய் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

எழுதிக் கொடுத்தேன். அந்த எச்சரிக்கையைக் கடைசி வசனமாகப் போட்டேன்.

மே 26, திங்கள்

அச்சாகி வந்துவிட்டது. கிராஃப் இருக்கிறது. 'கலாநிதி நிலானி' என்று என் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. கடைசி வசனம் இல்லை.

ஏன் வெட்டினீர்கள் என்று ஜெயரட்ணத்தைக் கேட்டேன். "இடம் காணாது, நிலானி." இடம் போதாதாம்! என் பெயருக்கு மட்டும் காணுமாம்! கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. இரண்டு பிரதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயரைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை.

ஜூன் 8, ஞாயிறு

மாமா பிரசுரத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். என் கணவன் கீதனின் அப்பா, ஊரில் பௌதிகம் படிப்பித்தவர். சீன வைத்தியம் என்றால் வேரும் பட்டையும் என்று சிரிக்கிற மனிசன். சிவப்புப் பேனையால் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறார். மிச்சப் புள்ளி எங்கே என்று கேட்டேன். கிராஃபுக்கு அலகு போடவில்லையாம்.

ஜூன் 15, ஞாயிறு

மாமாவின் முழங்கைக்குக் கீழே நீலமாய்க் கன்றியிருக்கிறது. கதவில் இடித்ததாம்.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. மூக்கால் இரத்தம், நிற்கவே இல்லை. இதய வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் உறையாமலிருக்க மாமா வார்ஃபரின் குளிசை எடுக்கிறார். அதோடு பக்குரங்காவில் ஒரு கடையில் எங்கள் கசாயப் போத்தலையும் வாங்கிக் குடித்துவந்திருக்கிறார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் அதை மறைக்கவுமில்லை. பெருமையாகச் சொன்னார்.

என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா என்றேன்.

"உன்னட்டக் கேக்க என்ன கிடக்கு, பிள்ளை? நீதானே எழுதினனீ."

லின்னிடம் போயிருந்தால் அவள் கேட்டிருப்பாள். ஆனால் இவர் அவளிடம் போகவே மாட்டார். நாடி பிடிக்கிறவளை நம்பாத மனிசன் என் எலிக் கிராஃபை நம்பியிருக்கிறார். ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்?

ஜூன் 23, திங்கள்

போத்தல்களைக் கடைகளிலிருந்து திருப்பி எடுங்கள் என்று ஜெயரட்ணத்திடம் சொன்னேன். வயது போனவர் தன் டாக்டரைக் கேட்டிருக்க வேண்டுமாம். எருமை! என் பெயரையாவது எடுங்கள் என்றேன். அச்சடித்து முடிந்துவிட்டதாம். இந்த முறை கத்தினேன். ஆய்வுகூடம் முழுவதும் கேட்டது.

அரசாங்கத்துக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டேன். பிரசுரத்தை எழுதியவர் யார் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாக மெலிந்துவிட்டார். ஃப்ரிட்ஜில் இருந்த பிரசுரத்தைக் கிழிக்கப் போனேன். நில் என்று சொல்லிச் சிவப்புப் பேனையைக் கேட்டார். ஒன்பதை வெட்டிப் பூச்சியம் போட்டார். பிறகு என் பெயருக்குக் கீழே எழுதினார்: இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்கள் இதைக் குடிக்கக் கூடாது.

"இதை விட்டிட்டாய்."

நான் எழுதினேன் மாமா, அவர்கள்தான் வெட்டினார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் வெட்டியதைப் பார்த்த பிறகும் இரண்டு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தானே.

வசனம் முழுவதும் அடங்கிவிட்டது. அதற்குக் கீழே இன்னும் இடம் இருந்தது.