சமோவாரும் ஓடும் மணியும்

சஞ்சான், செவ்வாய்

அன்புள்ள தூபாவுக்கு,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகமே. இங்கே ஆய்வகத்தில் ஒன்று நடந்தது, பெரிதாக ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியாத, பாதி தங்கம் பூசிய மணியொன்றைத் தண்ணீரில் விட்டு, லேசரால் அந்தப் பாதியைச் சூடாக்குகிறோம். அந்தச் சூடே அதை ஒரே திசையில் ஓட்டுகிறது என்பதுதான் நாளை அனுப்பவேண்டிய கட்டுரை. நேற்று குறிப்பேட்டைப் புரட்டினேன். விருந்தினர் வந்த நாட்களில்தான் மணி வேகமெடுத்திருக்கிறது. பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கவென்று, கொதிக்கும் சமோவார்க் கெண்டியை நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே வைத்தவன் நான். அதன் சூட்டில் தண்ணீரே நகர்ந்திருக்கலாம். சொன்னால் ஆய்வகத் தலைவர் டாக்டர் நாஹீதின் இரண்டு வருட உழைப்பும், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் என் வேலையும் போய்விடலாம். இருமுறை அவர் கதவுவரை போய்த் திரும்பினேன். இன்று சொல்லிவிட்டேன்.

"விருந்தாளிக்கு உபசாரம் சரி உஸ்தாத், என் மணிக்குமா டீ?" என்றார். சிரிக்கவில்லை. "அதை வெளியே கொண்டு போங்க. மேசை ஆறட்டும், மறுபடி பாத்துடுவோம்."

மூன்று மணி நேரமாக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் கம்பளி உள்சட்டையை அனுப்பு. பேரீச்சம்பழ பிஸ்கட் கொஞ்சம் போதும், பங்கு கேட்க இங்கே யாருமில்லை. உன் கையால் நாலு வரியும் எழுது.

உள்ளிருந்து கூப்பிடுகிறார். "உஸ்தாத், ஓடி வாங்க! பாதி வேகம்கூட இல்ல, ஆனா சமோவார் இல்லாமலே மணி தானா ஓடுது!"

என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன். போகிறேன்.

உன் நஸ்ருல்லா