எப்படிக் கூப்பிட வேண்டும்?

சென்னை,
வியாழன்

ஏனுங்க,

நீங்களும் அத்தையும் சுகந்தானே? தறிச் சத்தத்தில் போனில் பேசினால் பாதிதான் கேட்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அறக்கட்டளையில் இந்த வாரம் வேடிக்கையான வேலை. நன்கொடை தருகிறவர்களுக்குப் போன் செய்து, பெயருக்கு முன்னால் திருவா, திருமதியா, டாக்டரா, கடிதத்தில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். தன் பட்டங்களில் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று ஒரு புலவர் என்னை அதட்டினார்.

நேற்றுப் பேசியவர் நம் பக்கத்து ஆட்டையாம்பட்டிக்காரர். அர்த்தனாரி என்று பெயர், எழுபது வயதிருக்கும்.

"ஐயான்னு போடட்டுங்களா?" என்றேன்.

"ஊட்டுக்காரி என்னைய 'ஏனுங்க'ன்னுதான் கூப்புடுவா, அம்மிணி. அவ போயி ரெண்டு வருசமாச்சு. அதயே போடுங்களேன்" என்றார்.

கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை. மேலாளரோடு மல்லுக்கட்டி, அவருக்கு மட்டும் நன்றிக் கடிதத்தைக் கையால் எழுதி அனுப்பினேன்.

விடுதியில் ஏசி குளிர்கிறது. பீரோவில் இருக்கும் புதுப் போர்வை வேண்டாம். நாம் போர்த்துகிற பழையதையே அனுப்புங்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் மேடம். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றதும் போன் பண்ணுங்கள். சேதி ஒன்றும் வேண்டாம். "ஏ புள்ள" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.

பூங்கொடி